பணம் ஏறிடுச்சாப்பா? – ஆய்வு உதவித்தொகை குறித்து முதுகலை மாணவர்களிடம் பேசியது

(முதுகலை இறுதியாண்டு மாணவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'ஆய்வுப் படிப்புக்கான நிதி வாய்ப்புகள்'. வாய்ப்பு என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ மரத்தில் பழுத்துத் தொங்குவது போலவும், நாம் எட்டிப் பறிப்பதுதான் பாக்கி என்பது போலவும் இருக்கிறது. நான் ஐந்தாவது வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அது மரத்தில் தொங்கவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. திட்டங்களின் பெயர்களையும் தொகைகளையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த இழுப்பறையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். மாதம் பிறந்து நான்கைந்து நாள் ஆனதும் அம்மா போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "பணம் ஏறிடுச்சாப்பா?" என்று கேட்பார். நான் வாங்குவது சம்பளம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கவர்மெண்டு கொடுக்கிற பணம், அதுவும் மாதத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல். அப்படியென்றால் ஊரில் வாத்தியாருக்கு ஏறுகிற மாதிரி மாதக் கடைசியில் ஏறிவிட வேண்டும்தானே? முதல் வருடத்தில் ஏழு மாதம் ஏறவில்லை. அந்த ஏழு மாதத்துக்காக அம்மா ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் 40,000 ரூபாய் எடுத்தார். வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலையில் தவணை. உங்களில் பலர் வீட்டில் இது தெரிந்திருக்கும். குழுவில் ஒருத்தர் கட்டவில்லை என்றால் மற்றவர்களும் எழுந்து போகக் கூடாது. வசூல்காரர் போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு செவ்வாய்க்கிழமை எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர், வேலைக்குப் போகாமல், வெயில் ஏறுகிற வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒன்றிய அரசு எனக்குத் தர வேண்டிய பணத்தைத் தராததற்காக. இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வருடம் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சரி, விவரங்களுக்கு வருகிறேன்.

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு, அதாவது ஜே.ஆர்.எஃப்.புக்குத் தகுதி பெறுவது முதல் வழி. இப்போது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். பிறகு ஒரு குழு உங்கள் ஆய்வை மதிப்பிட்டு முதுநிலைக்கு உயர்த்தினால் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. நூல் வாங்க, ஜெராக்ஸ் எடுக்க, களப்பணிக்குப் போக ஆண்டுச் செலவுத்தொகை தனி. 2023 ஜனவரிக்கு முன்பு இது 31,000, 35,000 என்று இருந்தது. இந்த உயர்வு தானாக வரவில்லை, நாடு முழுவதும் ஆய்வாளர்கள் தெருவில் நின்று வாங்கியது.

இரண்டாவது, நம்மில் அதிகம் பேர் எதிர்பார்ப்பது: பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை. 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது இதுதான். நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 2,000 பேர். பழங்குடியினருக்கு 750. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,000. தொகை ஜே.ஆர்.எஃப். அளவுதான்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ராஜீவ் காந்தி பெயரில் இருந்த காலத்தில் இதற்கு நெட் தேவையில்லை. முதுகலை மதிப்பெண்ணும் ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருப்பதும் போதும். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்க முடியாதபடி வழி அடைபட்டவர்களுக்காகத்தான் இந்தத் திட்டமே வந்தது. பிறகு நெட் கட்டாயம் என்று மாற்றினார்கள். தகுதியை உயர்த்துகிறோம் என்றார்கள். நெட் தேர்வின் கேள்வித்தாள் மொழிப்பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. வரலாறு வரை தமிழ்வழியில் படித்த ஒரு பெண், அதே வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதித் தேற வேண்டும். பாட்னாவில் இந்தியில் எம்.ஏ. படித்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சாதிக்குச் சமன் செய்ய வந்த திட்டத்துக்குள் மொழியைக் கொண்டுவந்து புதிதாக ஒரு வேலி போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குள் இதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. தமிழ்ப் பற்றாளர்களும் பேசுவதில்லை. அது வேறு கதை.

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான ஊக்கத்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் மூவருக்கும் உண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 ஆக இருந்தது, பிறகு ஒரு லட்சமானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் எட்டாயிரத்துச் சில்லறைதான். இதைக் கொண்டு சென்னையில் ஓர் அறை வாடகையைக் கொடுக்கலாம், சாப்பிட முடியாது. ஆனாலும் ஒன்றிய அரசின் தொகை கிடைக்காதவர்களுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் பல நேரம் இதுதான்.

நான்காவது, சமூக அறிவியல் படிப்பவர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் வேறு உதவித்தொகை இல்லாதவர்களுக்குத் தருகிற நெட் அல்லாத உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது, மாதம் 8,000. பத்து வருடத்துக்கு மேலாக அதே எட்டாயிரம். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்துவதாக யு.ஜி.சி. அறிவித்தது. டெல்லியில் மாணவர்கள் யு.ஜி.சி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தடியடி வாங்கினார்கள், குளிரில் அங்கேயே படுத்தார்கள். அந்த எட்டாயிரம் இன்றும் இருக்கிறது என்றால் அவர்களால்தான் இருக்கிறது.

இவை எல்லாமே முழுநேர ஆய்வாளருக்குத்தான். கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் பதிவு செய்தால் இவற்றில் எதுவும் வராது. 'முதலில் பகுதிநேரத்தில் சேர்ந்து வையுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். எப்போது, எப்படி மாற்ற முடியும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது இழுப்பறைக்கு வருகிறேன். உதவித்தொகை அறிவிக்கப்பட்டு உங்கள் பெயர் பட்டியலில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பேனர் வைக்கிறார்கள் (எனக்கு வைத்தார்கள், நான் கண்ணாடி போட்டிருக்கிற பழைய படம்). அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. சேர்க்கை அறிக்கையில் நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து. அது பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் கணினியில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு மாதா மாதம் 'இந்த ஆய்வாளர் இந்த மாதமும் ஆய்வில் இருக்கிறார்' என்று அந்த இருவரும் வங்கித் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் போச்சு. அவர் இடமாற்றமானால், புதியவருக்குக் கடவுச்சொல் வருகிற வரை போச்சு. டெல்லியில் திட்டத்தை ஓர் அமைப்பிடமிருந்து இன்னோர் அமைப்புக்கு மாற்றினால் எல்லோருக்கும் போச்சு. இதில் யாரும் உங்களை மறுக்கவில்லை. யாரிடமும் சண்டை போட முடியாது. "தம்பி, நாங்க அனுப்பிட்டோம்" என்பார்கள். அங்கே கேட்டால் "உங்க யுனிவர்சிட்டில இருந்து வரல" என்பார்கள்.

என் ஏழு மாதத்தில் ஐந்து மாதம் அப்படிப் போனது. மீதி இரண்டு மாதம் வேறு மாதிரி. துறைக் கூட்டமொன்றில், ஆய்வு மாணவர்கள் ஏன் பேராசிரியர் வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி போட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் என் தொடர்ச்சிச் சான்றிதழ் மேசையிலேயே இருந்தது. மறுக்கவில்லை, கிழித்துப் போடவில்லை. "பாத்துட்டுத் தரேன்" என்றார்கள். ஒரு கையெழுத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட அறுபது நாளும் என் அம்மா செவ்வாய்க்கிழமை தவணையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன என்பது அவருக்குத் தெரியுமா என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. நம்மைத் திட்டிக்கொண்டே இருக்க அதற்கு நேரமில்லை, தாமதப்படுத்தினாலே போதும்.

ரோகித் வெமுலாவை நாம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 17இல் நினைவுகூர்கிறோம். அவருடைய கடைசிக் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கடிதத்தில் கடைசிப் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. தனக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். ஒரு நண்பருக்குத் தர வேண்டிய கடனையும் குறிப்பிட்டிருந்தார். எனக்கு நட்சத்திரங்களை விட அந்தக் கணக்குதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மாதம் 25,000, ஏழு மாதம். கூட்டிப் பார்த்து வைத்திருக்கிறார். நிலுவையில் வாழ்கிற எல்லோரும் அந்தக் கணக்கைத் தினமும் கூட்டிப் பார்ப்பவர்கள்தான். அதே ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2008இல், நம் சேலம் பகுதியிலிருந்து போன செந்தில்குமாரை இழந்தோம். பன்னியாண்டி சமூகத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். அவர் விஷயத்திலும் உதவித்தொகை நின்றுபோனது பேசப்பட்டது.

இந்தப் பேச்சைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். நிலுவை நம் தலைமுறையில் தொடங்கியதல்ல என்று காட்ட இன்னொருவரின் கணக்கைச் சொல்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பத்து ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தப் பணத்தில்தான் அவர் நியூயார்க்கில் சாப்பிட்டார், பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கினார், ரமாபாய்க்கும் அனுப்பினார். 1916இல் லண்டன் போனார். அங்கே ஆய்வு முடிவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917இல் பாதியில் திரும்பி வந்தார். ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைக் கம்போடு வந்து வெளியேற்றிய கதையை அவரே எழுதியிருக்கிறார், நீங்கள் படித்திருப்பீர்கள். பிறகு பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சம்பளத்தை மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜா உதவியோடும் பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மறுபடி லண்டன் போனார். கொலம்பியாவில் அவர் செய்த முனைவர் ஆய்வு நூலாக அச்சேறியது 1925இல்தான். பட்டம் வந்தது 1927இல்.

கவனித்துப் பாருங்கள். உதவித்தொகைக் காலம் ஆய்வுக் காலத்தை விடக் குறைவு. இடையில் வேலைக்குப் போக வேண்டிய நிலை. நண்பரிடம் கடன். பட்டம் தாமதம். இதில் ஏதாவது ஒன்று உங்களுக்கோ எனக்கோ புதிதா? நமக்கும் இன்று உதவித்தொகை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள், ஆய்வை முடிக்கத் தரப்பட்டிருக்கும் காலம் ஆறு ஆண்டுகள். என் ஐந்தாவது ஆண்டு இன்னும் சில மாதங்களில் முடிகிறது. ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் பாக்கி.

இந்தத் தொல்லையை எல்லாம் பட்டவர் என்பதால்தான் அவர் அதிகாரத்தில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டவற்றில் உதவித்தொகையும் இருந்தது. 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் சேர்ந்த சில மாதங்களிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி மனுவாகக் கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் தனித்தனியாக நிதி கேட்டார். 1944இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. உங்களில் பலர் பி.ஏ. படித்த பணம் அது. ஒரு மன்னரின் தயவில் படித்தவர், அடுத்து வருகிறவர்கள் யார் தயவும் இல்லாமல் படிக்க வேண்டும் என்று அதை அரசின் கடமையாக ஆக்கினார். அதனால் 'இலவசமாப் படிக்கிறீங்க' என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. வரலாறு தெரியாதவர் என்று விட்டுவிடுகிறேன். நான் வரலாறு மாணவன் என்பதால் சில சமயம் விடாமல் உட்கார வைத்துச் சொல்லியும் விடுகிறேன்.

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் இப்போது ஆண்டுக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022இல் அதற்கு ஒரு புதிய நிபந்தனை போட்டார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்க இந்தப் பணம் கிடையாது. அதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டியதில்லையாம்.

என் ஆய்வு செங்கல்பட்டு மாவட்டப் பஞ்சமி நிலங்கள் பற்றியது. 1891இல் அந்த மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்கள் எங்கே போயின என்று கேட்டுத்தான் 1994இல் காரணையில் போராட்டம் நடந்தது, செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். வெள்ளைக்கார அரசின் இந்திய அலுவலக ஆவணங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எங்கள் பாட்டன்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட நிலத்தின் வரலாற்றை அந்த ஆவணங்களின் பக்கத்தில் இருந்து படிக்க நான் அங்கே போக நினைத்தால், பட்டியல் சாதியினருக்கான உதவித்தொகையில் போக முடியாது. கணினி அறிவியல் படிக்கப் போகலாம். கணினி அறிவியல் படிக்கிற தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் போக வேண்டும்தான். ஆனால் சாதியைப் பற்றி வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யாராக இருக்கலாம் என்பதை இந்த நிபந்தனை முடிவு செய்கிறது. சொந்தக் காசில் போகக்கூடியவர்கள் போய் நம்மைப் பற்றி எழுதுவார்கள். நாம் அவர்களுக்குத் தகவல் கொடுப்பவர்களாக இங்கே இருப்போம்.

தமிழ்நாடு அரசு இப்போது அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் என்று நடத்துகிறது. முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் 36 லட்சம் வரை தருகிறார்கள். வெளிநாட்டுக் கனவு உள்ளவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு ஒரே வருடத்தில் ஆய்வில் சேர்ந்த ஒரு தோழி. பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து வட்டம்தான். அவருடைய தாத்தா காலத்தில் கிறித்துவத்துக்குப் போன குடும்பம். தெரு அதே தெருதான், சுடுகாட்டு வழிப் பிரச்சினையும் அதேதான், தேவாலயத்தில் தனி வரிசையில் உட்கார்ந்த தலைமுறையும் அவர்கள் வீட்டில் உண்டு. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்துவரானால் பட்டியல் சாதி கிடையாது. தமிழ்நாட்டுச் சான்றிதழில் அவர் பிற்படுத்தப்பட்டவர். ஆக எனக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு இல்லை. அவர் நம்பியிருந்தது சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை. நெட் தேறிவிட்டுக் காத்திருந்தார். 2022 டிசம்பரில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டதாக ஒன்றிய அமைச்சர் மக்களவையில் சொன்னார். மற்ற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறதாம். பட்டியல் சாதியும் இல்லை, சிறுபான்மையும் இல்லை என்றால், நாடு முழுவதும் பிற்படுத்தப்பட்டோர் எல்லோரும் போட்டி போடுகிற ஆயிரம் இடங்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கவில்லை.

அவருக்கு ஒரு வழி இருந்தது. நான் முன்பு சொன்ன தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை. மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடருக்கும் அது உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. அந்த ஆண்டு விண்ணப்பம் வந்தபோது சுற்றறிக்கை எங்கள் துறைக்கும் வந்திருக்கிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. பலகையில் ஒரு கருத்தரங்க அழைப்பிதழும் யோகா தின நோட்டீசும் மட்டும் இருந்தன. அலுவலக மேசை இழுப்பறையில் அந்தச் சுற்றறிக்கை கிடந்ததை நான் வேறொரு காகிதம் தேடப் போனபோது பார்த்தேன். அப்போது கடைசித் தேதி தாண்டிப் பதினோரு நாள்.

துறையைக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்தத் திட்டம் இருக்கிறது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குக் கிடைக்கும் தொகை பெரியது என்பதால் நான் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை. எப்போது விண்ணப்பம் வருகிறது, யாருக்கெல்லாம் பொருந்தும் என்று பார்க்கவில்லை. கேண்டீனில் தினம் ஒன்றாக டீ குடித்த தோழியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கிறித்துவர், அவருக்கு வேறு வழி இருக்கும் என்று என் மனதுக்குள் ஒரு கோடு இருந்திருக்கிறது. அரசு போட்ட அதே கோடு.

அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோது அவர் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டிருந்தார். "தம்பி பாலிடெக்னிக் ஃபீஸ் இருக்குல்ல" என்றார். நல்ல ஆய்வு அது, கல் குவாரிகளில் வேலை செய்கிற பெண்களைப் பற்றியது. களக் குறிப்புகள் நான்கு நோட்டு இன்னும் என் அறையில்தான் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் எந்த விண்ணப்பம் வரும் என்று சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடுகிறது. அவர்கள் தேடுவதில்லை, அது அவர்களை வந்து சேர்கிறது. நமக்கு அப்படி ஒரு மேசை இல்லை. அதைத்தான் நாம் செய்துகொள்ள வேண்டும் என்று நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று தொடங்கியிருக்கிறோம். பெரிய அமைப்பு எல்லாம் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நோட்டு. எந்தத் திட்டம், எந்த மாதம், என்ன காகிதம் என்று எழுதி வைக்கிறோம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறார். அருந்ததியர் தோழர்களும் இருளர் தோழர்களும் கிறித்துவத் தோழர்களும் அதில் இருக்கிறார்கள். எனக்குப் பொருந்தாத திட்டத்தையும் நான் படிக்க வேண்டும் என்பதுதான் அங்கே ஒரே விதி.

சில நடைமுறைச் செய்திகள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயர், முன்னெழுத்து, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு புள்ளியால் மூன்று மாதம் போனது. கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலில் அலுவலக முத்திரையோடு தேதி வாங்குங்கள். வாயால் கேட்பதை மின்னஞ்சலிலும் கேளுங்கள். "அனுப்பிட்டோம்" என்பதற்குச் சாட்சி இல்லை, மின்னஞ்சலுக்கு உண்டு. இரண்டு மாதத்துக்கு மேல் நின்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். என் ஏழு மாத நிலுவையில் கடைசி முடிச்சு அவிழ்ந்தது அந்த மனு போன பிறகுதான். முடிந்தால் தனியாகப் போடாதீர்கள், நிலுவையில் இருக்கிற நான்கு பேர் ஒரே நாளில் போடுங்கள். அப்போது உங்கள் ஒருவர் கையெழுத்தை மட்டும் நிறுத்தி வைப்பது கடினம்.

வாய்மொழித் தேர்வன்று தேர்வாளருக்கு உறை, துறைக்குப் பிரியாணி என்று ஒரு செலவு சொல்வார்கள். எந்த விதியிலும் அது கிடையாது. கொடுக்காதே என்று மேடையில் நின்று சொல்வது சுலபம், எனக்கும் அந்த நாள் இனிமேல்தான் வரப் போகிறது. அந்த நேரத்தில் கூட நிற்க ஆள் இருந்தால் மறுக்கலாம். தனியாக இருந்தால் மறுக்க முடியாது என்றுதான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

அம்மா போன வாரமும் போன் செய்தார். குழுக் கடன் எல்லாம் முடிந்து நாளாகிவிட்டது. பணம் ஏறிடுச்சாப்பா என்று கேட்டார், ஏறிடுச்சும்மா என்றேன். "அந்தப் பொண்ணுக்கு?" என்றார். என் அறைக்கு ஒருமுறை வந்திருந்தபோது அந்தத் தோழியைப் பார்த்திருக்கிறார், இரண்டு பேரும் நடவுப் பாட்டு பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் படிப்பை விட்டுவிட்டதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்த ஆண்டுக்கான மாநில ஊக்கத்தொகை விண்ணப்பத்தோடு அவர் பள்ளிக்கே ஒருமுறை போய் வரலாம் என்று நானும் இன்னொரு தோழரும் முடிவு செய்திருக்கிறோம். அவருடைய பதிவு இன்னும் ரத்தாகவில்லை, விசாரித்துவிட்டோம். வருவாரா என்று தெரியாது.

அந்த நோட்டு வாசல் பக்கம் மேசையில் இருக்கிறது. போகும்போது பெயர், பாடம், எந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது, எது இல்லை என்று எழுதிவிட்டுப் போங்கள். பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.